எட்டு மணித்தியால வழி

786

பதுளை, கடைத்தெரு
1904ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 20ஆம் திகதி

அன்பு மகன் ஜௌபருக்கு வாப்பா சலாம் கூறி எழுதுவது. இங்கே நானும் உன் உம்மாவும் வீட்டிலுள்ள மற்றவர்களும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், லண்டன் பட்டணத்தில் படிக்கிற நீயும் அப்படியே இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனதைப் பற்றிப் பின்னால் வரும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் வரிசையாகப் படி. உம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்குக் கூடுகிறது, வெயிலுக்குக் குறைகிறது. உன் தங்கை றஷீனாவுக்குப் போன மாதம் ஆண் பிள்ளை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம், புவாத் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ரயில் பதுளைக்கு வரும், வரும் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள், பண்டாரவளையோடு நின்றது நின்றதுதான், இன்றைக்கும் சரக்கெடுக்க மாட்டுவண்டி கட்டிக்கொண்டுதான் அங்கே போகிறேன். மூத்தவன் ஸலீம் மௌத்தாகி இரண்டு வருடமாகியும் அவன் மனைவி நளீரா நம் வீட்டிலேயே எங்களுக்கு மகளாக இருக்கிறாள். அவள் பிள்ளை ஸுபைராவுக்கு நாலு வயது முடிந்தது, உன் நானாவின் அதே நெற்றி, அதே பிடிவாதம். வாப்பாவின் முகம் நினைவில்லை, வாப்பா போன கப்பல் நினைவிருக்கிறது என்று சொல்கிறாள். அவள் கப்பலைக் கண்டதே இல்லை.

போன மாதம் கடைசியில் உன் கடிதம் கிடைத்தது. ஸலீமின் கப்ரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்து, தலைமாட்டில் நின்று யாஸீன் ஓதிவிட்டு வரவேண்டும், அதற்காகக் கப்பலேறி லண்டனுக்கு வருகிறேன், அங்கிருந்து நீயும் நானுமாகப் பாரிஸ் போவோம் என்று நான் எழுதியிருந்தேன். அதற்கு நீ, வாப்பா, உங்கள் வயதுக்கு இந்த யோசனை வேண்டாம், கப்பல் பயணத்தைக்கூடத் தாங்கிவிடுவீர்கள், லண்டனிலிருந்து பாரிஸ் போகும் அந்த நாலு நாள் வழியைத் தாங்கமாட்டீர்கள், அங்கிருந்தே துஆச் செய்யுங்கள், அல்லாஹ்வுக்குத் தூரமில்லை என்று பதில் எழுதினாய். அந்த வரியைப் படித்து நான் அழுதேன். பார், உன் மகன் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான் என்று உம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஆனாலும் எனக்கு ஆசை விடவில்லை. மடுல்சீமைத் தோட்டங்களுக்குத் துணி மூட்டையோடு மழையிலும் சேற்றிலும் வண்டியில் போய் வருகிறவன், மெத்தையில் உட்கார்ந்து நாலு நாள் போகமாட்டேனா என்று நினைத்தேன். உம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், அவள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். வழியில் ஹலாலான சாப்பாடு எங்கே கிடைக்கப் போகிறது என்று இறைச்சியை உப்புப் போட்டுக் காயவைத்தாள், மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்துப் போத்தலில் அடைத்தாள், முழங்கால் வலியோடு நின்று தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டினாள். நாலு நாளைக்கு, இரண்டு பேருக்கு என்று விரல் விட்டு எண்ணி எண்ணி எடுத்து வைத்தாள்.

அந்த நாலு நாள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று உனக்கு மறந்திருக்கும். நான் மறக்கவில்லை, அந்தப் பழைய கடிதத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீலக்கல் விற்கப் பலீல் ஹாஜியாரோடு பாரிஸ் போன ஸலீமுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஹாஜியார் அன்றே லண்டனில் உனக்குத் தந்தி அடித்தார். அதற்குப் பிறகு ஐந்து நாள் அவன் உயிரோடு இருந்தான். நீ போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்குமுன்பே நீ எழுதினாய். லண்டனிலிருந்து கடற்கரைக்கு ஒன்றரை நாள், வழியில் ஒரு ராத்தங்கல், துறையில் காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அக்கரையில் வேறு வண்டி மாற்றி மறுபடி ஒன்றரை நாள், ஆக மொத்தம் நாலு நாள், காற்றுப் பிடித்தால் ஆறு நாள், நான் மூட்டை கட்டிக்கொண்டு நிற்கும்போதே மௌத்துத் தந்தி வந்துவிட்டது வாப்பா என்று எழுதினாய். நான் நம்பினேன், ஐந்து நாளுக்குள் நாலு நாள் அடங்குமே என்றுகூடக் கணக்குப் பார்க்கவில்லை. இந்த ஊரில் யாரும் மைல் கேட்பதில்லை, எத்தனை தங்கல் என்றுதான் கேட்போம் என்பது உனக்குத் தெரியும். பண்டாரவளைக்கு ரயில் வருமுன்னே நீ என்னோடு வண்டியில் கொழும்புக்கு வந்தவன். ஹல்துமுல்லையில் தங்கினோம், பலாங்கொடையில் தங்கினோம், வழியில் ஆறு பெருகித் தண்ணீர் வடியும்வரை ஒரு முழு நாள் வண்டிக்கடியில் கிடந்தோம். அந்த ரோட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் லண்டனுக்கும் பாரிசுக்கும் நடுவில் போட்டுவிட்டாய். ஆற்றின் இடத்தில் கடலை வைத்தாய். என் ரோட்டைக் கொண்டே என்னை ஏமாற்றினாய் ஜௌபர். வேறு எந்த விதமாகச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

இரண்டு கிழமைக்கு முன் துணிப் பெட்டிகள் எடுக்கப் பண்டாரவளைக்குப் போனேன். ஸ்டேஷனில் சிவஞானம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், நல்ல மனிதர், எனக்குப் பழக்கம். துரைமார் யாரோ விட்டுப்போன சீமை ரயில் நேரப் புத்தகம் ஒன்று அவருடைய மேசையில் கிடந்தது. லண்டனிலிருந்து பாரிஸ் போகும் வழியில் எந்தெந்த ஊரில் ராத்தங்க வேண்டும், அங்கே நம்மவர்கள் தங்க இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். உன் புத்திமதிக்குப் பதிலாக, எல்லாம் விசாரித்துவிட்டேன், பயப்படாதே என்று எழுத நினைத்துத்தான் கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் முதலாளி தங்கோணும், காலமை பதினொரு மணிக்கு லண்டனிலை ஏறினா பின்னேரம் ஏழு மணிக்குப் பாரிசிலை இறங்கலாம் என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். நடுவில் கடல் கிடக்கிறது, உமக்குத் தெரியாது என்றேன். கடல் ஒண்டேகால் மணித்தியாலம்தான், ஒரு நாளைக்கு நாலு தரம் கப்பல் போகுது, நாலு நாள் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார். உங்கள் புத்தகம் பிழை என்றேன். அவர் கோபிக்கவில்லை, வரி வரியாக விரலை வைத்து மறுபடி வாசித்துக் காட்டினார். பிறகு நான் கேட்டதால் ஒரு துண்டில் தமிழில் எழுதியும் தந்தார். அந்தத் துண்டு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

அன்றைக்கு நான் பண்டாரவளையிலிருந்து வண்டி கட்டியபோது காலை பதினொரு மணி. வேண்டுமென்று அந்த நேரத்தைப் பார்க்கவில்லை, ஸ்டேஷன் மணிக்கூட்டில் கண்ணில் பட்டது. பட்ட பிறகு விட முடியவில்லை. தெமோதரை இறக்கத்தில் வண்டிக்குக் கட்டை போட்டு இறக்கும்போது, இந்நேரம் அவன் கடலைத் தாண்டியிருப்பான் என்று நினைத்தேன். ஹாலிஎலயில் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும்போது, அக்கரை ரயிலில் பாதி வழிக்கு மேல் போயிருப்பான் என்று நினைத்தேன். பதுளைக்குள் நுழைந்து பள்ளிவாசலைத் தாண்டும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. வீட்டு வாசலில் மாட்டை அவிழ்க்கையில் உள்ளே மணிக்கூடு ஏழு அடித்தது. இந்நேரம் நீ உன் நானாவின் கட்டிலடியில் நின்றிருப்பாய். பதினெட்டு மைலுக்கு என் மாடுகள் எடுத்த நேரம் அது. சரக்கெடுக்க மாதம் இரண்டு முறை நான் போய் வருகிற வழி அது. உன்னைச் சாகக் கிடக்கிற கூடப்பிறந்தவனிடம் அவ்வளவு வழி போகச் சொன்னார்கள், நீ போகவில்லை.

பலீல் ஹாஜியாரை நினைத்தேன். அவர் பாரிசிலிருந்து திரும்பியதும் பேருவளையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஸலீமின் சங்கிலிக் கடிகாரத்தையும் தொப்பியையும் என் கையில் தந்து, ஐந்து நாளும் தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னார். நான் உடனே உனக்காக வக்கீலாகிவிட்டேன். வர ஆசைதான் ஹாஜியார், நாலு நாள் வழியாம், பிள்ளை என்ன செய்வான் என்றேன். அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி கோப்பியைக் குடித்து முடித்து, ஆமா, தூரம்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பாரிசில் வருஷா வருஷம் கல் விற்கிறவருக்கு லண்டன் எவ்வளவு தூரம் என்று தெரியாதா? ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று இப்போது அவருக்கு எழுதிக் கேட்டேன். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், நீங்க கேக்கல்ல, எனக்குச் சொன்னீங்க என்று பதில் எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிட வேறு செருப்படி வேண்டாம். உன் கடிதத்தை நான் கடையில் வைத்து எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன், பள்ளிவாசலில் எத்தனை பேரிடம் சொன்னேன். அதில் தெரிந்தவர்கள் எத்தனை பேர், தெரிந்தும் என் முகத்துக்காகத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர் என்று இப்போது ஒவ்வொருவர் முகமாக நினைத்துப் பார்க்கிறேன். நாற்பது வருடமாகத் துணி அளந்து கொடுக்கிறேன், அளவு குறைந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. நீ எனக்குத் தூரத்தை அளந்து தந்தாய். என் மகன் அளந்தது என்று நான் முழம் போட்டுப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட நளீராவுக்கு நான் சொன்னதுதான் நெஞ்சை அறுக்கிறது. மௌத்துச் செய்தி வந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாமா, கடைசி நேரத்துல அவங்களுக்கு நம்மட முகம் ஒண்டாவது காணக் கிடச்சதா என்று கேட்டாள். உன் கடிதம் வந்த பிறகு, நாலு நாள் வழி மகள், ஜௌபர் துடிச்சுப் போயிட்டான், ஆனா எட்டல்ல என்று நான் என் வாயால் சொன்னேன். அவள் உனக்காகவும் சேர்த்து அழுதாள், பாவம் தம்பி, அந்த ஊர்ல தனியா இருந்து அழுதிருப்பார் என்றாள். உன் பேரைச் சொல்லி அவள் இன்றுவரை துஆக் கேட்கிறாள், தெரியுமா? அதே கிழமையில் மடுல்சீமைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து நல்லம்மா என்று ஒரு பெண் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், தீபாவளிக்கு நம் கடையில் சேலை எடுப்பதைத் தவிர நமக்கு அவளோடு ஒரு உறவும் இல்லை. கேள்விப்பட்டு ஒன்றரை நாள் நடந்து வந்திருந்தாள், கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். அண்ணே கையால அளந்து குடுத்த சீலைங்க இது, அவுக மொகத்தத்தான் பாக்க முடியல, இந்தத் தங்கச்சி மொகத்தயாச்சும் பாத்துட்டுப் போறேங்க என்று சொல்லி நளீராவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மூன்று நாள் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு நிற்காமல் போனதற்குக் கங்காணியிடம் என்ன ஏச்சு வாங்கினாளோ. அவளுக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை.

ஏன் போகவில்லை என்று நான் இரண்டு கிழமையாக உனக்காக யோசித்துப் பார்க்கிறேன். பரீட்சையா? ஆஸ்பத்திரியையும் சாவையும் காணப் பயமா? சிறு வயதில் கோழி அறுப்பதைக் காணவே ஓடி ஒளிகிறவன் நீ, அது எனக்குத் தெரியும். அல்லது உன் வெள்ளைக்காரச் சிநேகிதர்களுக்கு முன்னால் சாரமும் தொப்பியுமாக, இங்கிலீஷ் தெரியாத ஒரு நானாவை வைத்துக்கொள்ள வெட்கமா? இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். உன்னைச் சீமைக்கு அனுப்பவே கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றபோது, மூன்று மாதம் என்னோடு மல்லுக்கு நின்று உன்னைக் கப்பலேற்றியவன் அவன். இவற்றில் எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் நான் உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு மன்னித்திருப்பேன். எனக்கு இருக்கிறது இனி ஒரே மகன். ஆனால் நீ காரணம் சொல்லவில்லை, வாப்பாவுக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டாய். அது போதாதென்று இரண்டு வருடம் கழித்து நான் வருகிறேன் என்றதும் அந்தப் பழைய நாலு நாளை மறுபடி எடுத்து நீட்டினாய், அதோடு அல்லாஹ்வின் பேரையும் சேர்த்தாய். முதல் பொய் பதறிச் சொன்னது என்று நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது பொய்யை நீ நிதானமாக உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறாய்.

உம்மாவிடமும் நளீராவிடமும் இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சிவஞானத்தின் துண்டு பையில் கிடக்க, உம்மா காயவைத்த இறைச்சியைத் தட்டில் கொண்டுவந்து, இது நாலு நாளைக்குப் போதுமா பாருங்க, ஜௌபர் கூடுதலாத் திம்பான் என்று கேட்கிறாள், போதும் என்று சொல்கிறேன். இப்படியாக இந்த வீட்டில் நானும் உன் பொய்யைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். என்னால் அதிக நாள் முடியாது. நளீராவுக்குச் சொல்ல வேண்டியவன் நீ, என் வாயால் அது வராது. அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அவள் படிக்கத் தெரிந்தவள், யாரும் படித்துக் காட்டத் தேவையில்லை.

இனி என் பயணத்தைக் கேள். நான் லண்டனுக்கு வரவில்லை. அக்டோபர் எட்டாம் திகதி பலீல் ஹாஜியாரோடு கொழும்பில் கப்பலேறுகிறேன். கப்பல் மார்செல்ஸ் என்ற துறைமுகத்தில் நிற்குமாம், அங்கே இறங்கி ஒரே ரயிலில் பாரிஸ் போய்விடலாம் என்று இதையும் சிவஞானம்தான் பார்த்துச் சொன்னார். உன்னிடம் கேட்க எனக்கு இனி ஒரு வழியும் இல்லை. அல்லாஹ் நாடினால் அக்டோபர் 27ஆம் திகதியிலிருந்து 31ஆம் திகதிவரை பாரிசில் இருப்பேன். ஐந்து நாள். ஸலீமும் ஐந்து நாள்தான் காத்திருந்தான். தங்கும் விடுதியின் விலாசத்தை ஹாஜியார் கைப்பட எழுதிய காகிதம் இதோடு வைத்திருக்கிறேன். கப்ரடிக்கு ஹாஜியார் வழி காட்டுவார். ஸலீமை அடக்கிய அன்று அந்த ஊரில் வேலை செய்யும் மொறோக்கோக்காரர்கள் நாலு பேர்தான் மண் போட்டார்களாம், அவர்களில் யாராவது கிடைத்தால் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்றும் நினைத்திருக்கிறேன். உம்மா கட்டித் தரும் சாப்பாடு நாலு நாளைக்கு இரண்டு பேருக்கானது, அவிழ்க்காமல் கொண்டுவருவேன்.

உன்னை நான் வா என்று கூப்பிடவில்லை. அங்கே குளிர் தொடங்கும் காலம் என்கிறார்கள், எங்கே இருந்தாலும் கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே இறங்காதே, உன் நானாவின் நெஞ்சுச் சளி உனக்கும் உள்ளது. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் பரீட்சையில் வெற்றியையும் தரட்டும். இந்த துஆவை எழுதுமுன் பேனையைக் கீழே வைத்தேன், பிறகு எடுத்து மனதோடுதான் எழுதினேன், வாயால் மட்டும் கேட்ட துஆ என்று நினைக்காதே. உம்மாவும் நளீராவும் றஷீனாவும் உனக்குச் சலாம் சொல்லச் சொன்னார்கள். ஸுபைரா தன் பங்குக்கு, சாச்சாவை வரச் சொல்லுங்க என்றாள்.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. 27ஆம் திகதியிலிருந்து நான் பாரிசில் இருக்கிறேன், நீ லண்டனில் இருக்கிறாய். வருவதானால் வா. வராவிட்டால் பரீட்சை என்று எழுது, பயம் என்று எழுது, வாப்பாவின் முகத்தில் விழிக்க வெட்கம் என்று எழுது, எதை எழுதினாலும் படிப்பேன். தூரம் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீ. மொஹிதீன்